டிஸ்க் மெதுவாகவில்லை, அளக்கும் முறைதான் மாறியது

வாசகர் கேள்வி: எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் வேகத்தை அளக்க லினக்ஸில் ஒரு சின்ன கருவி எழுதி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டேன். வேலை நேரம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்வது. இப்போது சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) பேக்கேஜாகவும் வந்துவிட்டது. இதுவரை நாங்கள் அளந்தது பாதிக்குமேல் பேஜ் கேஷைத்தான் (டிஸ்க் தரவுக்கு லினக்ஸ் ரேமில் வைத்திருக்கும் நகலை) என்று தெரிந்ததால், போன ரிலீஸில் டிஃபால்ட்டை, அந்தக் கேஷைத் தொடாமல் டிஸ்க்கோடு நேராகப் பேசும் டைரக்ட் ஐஓவுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து "அப்டேட் செய்ததும் என் டிஸ்க் மெதுவாகிவிட்டது" என்று ஓயாமல் புகார். நடுவில் ஒருவர் டிவைஸ் பெயரைத் தப்பாகக் கொடுத்து, தன் தரவு முழுவதையும் இழந்துவிட்டு என்னைத் திட்டுகிறார். ஒரு எஸ்எஸ்டி நிறுவனத்தின் பொறியாளர், டிஃபால்ட் கியூ டெப்த்தை (ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை) 1-இலிருந்து 32 ஆக்கச் சொல்லி பேட்ச் அனுப்பியிருக்கிறார். இணைப் பராமரிப்பாளராக வரவும் தயார் என்கிறார். எனக்கு அலுத்துவிட்டது. பழைய டிஃபால்ட்டுக்கே திரும்பிவிடவா? இல்லை, அவரிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நாலைந்து சிக்கல்களை ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறீர்கள். எல்லாம் ஒன்றாக வந்து அழுத்துவதால்தான் மொத்தமாக விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. பிரித்துப் பார்த்தால் அவசரமானது ஒன்றுதான்: தரவு அழிந்த விஷயம். அதை முதலில் முடித்துவிடுவோம்.

டிவைஸ் பெயரைத் தப்பாக அடித்தது அவர்தான். "எந்த உத்தரவாதமும் கிடையாது" என்று உங்கள் லைசென்ஸும் சொல்லும். ஆனால் அதை அவரிடம் சொல்லாதீர்கள். டிஸ்க்கைப் பறிகொடுத்து நிற்பவருக்கு லைசென்ஸை வாசித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. டிஸ்க்குகளை லினக்ஸின் மையமான கர்னல் எந்த வரிசையில் கண்டுபிடிக்கிறதோ அந்த வரிசையில் எழுத்துகள் விழும். நேற்று எஸ்டிபியாக இருந்தது ரீபூட்டுக்குப் பிறகு எஸ்டிஏ ஆகலாம். ரூட் அனுமதியோடு ஓடி, டிவைஸின் மேலேயே நேராக எழுதும் கருவி இதை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட வேண்டும்.

பாதி மருந்து ஒரே வரியில் இருக்கிறது. டிவைஸை ஓப்பன் செய்யும்போது ஓ_எக்ஸ்சிஎல் கொடியையும் சேர்த்துக் கொடுங்கள். பொதுவாக, ஃபைலைப் புதிதாக உருவாக்கும்போதுதான் அந்தக் கொடிக்கு அர்த்தம் உண்டு. டிஸ்க் போன்ற பிளாக் டிவைஸுக்கு மட்டும் லினக்ஸ் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: அது மவுன்ட் ஆகி (ஃபைல்களைப் பயன்படுத்த இணைக்கப்பட்டு) இருந்தாலோ, வேறு விதமாக சிஸ்டத்தின் பிடியில் இருந்தாலோ, ஓப்பன் தோற்று "பிஸி" என்ற பிழை திரும்பும். கர்னலே உங்களுக்காகக் காவல் நிற்கிறது. மீதிப் பாதி, மவுன்ட் ஆகாமல் தரவோடு சும்மா கிடக்கும் டிஸ்க். எழுதும் சோதனை தொடங்குமுன் அதில் ஃபைல்சிஸ்டம் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். லிப்பிளாக்ஐடி நூலகம் அதைச் சொல்லிவிடும். இருந்தால் மாடல் பெயரையும் கொள்ளளவையும் காட்டி நின்றுவிடுங்கள். ஸ்கிரிப்ட்டிலிருந்து ஓட்டுபவர்களுக்கு அந்தத் தடையைத் தாண்ட ஒரு ஆப்ஷன் வேண்டும், சரி. ஆனால் அதன் பெயர் யோசிக்காமல் அடித்துவிட முடியாத அளவுக்கு நீளமாக இருக்கட்டும். டிஸ்க் வேகத்தை அளக்கும் பிரபலமான கருவியான எஃப்ஐஓவில்கூட மவுன்ட் ஆன டிவைஸில் எழுத வேண்டுமென்றால் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையையே நிறுத்திவிடும்.

கூடவே, எவ்வளவு எழுதப்போகிறோம் என்பதையும் தொடங்குமுன்னே சொல்லிவிடுங்கள். விநாடிக்கு 3 ஜிபி வேகத்தில் ஒரு மணி நேரம் எழுதினால் 10.8 டிபி. 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டியில் அது சின்னத் தொகை இல்லை. இந்த மாற்றங்களை மட்டும் ஒரு குட்டி ரிலீஸாக இந்த வாரமே விட்டுவிட்டு, தரவை இழந்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காமல் இருக்க இதைச் செய்திருக்கிறேன் என்று. அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். டைரக்ட் ஐஓவுக்கு மாறியது சரியான முடிவு. திரும்பிப் போகாதீர்கள். சாட்டா இணைப்பின் உச்சம் விநாடிக்கு 6 ஜிகாபிட். குறியீட்டுச் செலவு போக 600 எம்பி. அதில் மாட்டிய டிஸ்க்குக்கு உங்கள் பழைய கருவி 2,000 என்று காட்டியிருந்தால், அது அளந்தது ரேமை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு அரைச் சுற்று வரவே 4.17 மில்லிவிநாடி ஆகும்; ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒவ்வொன்றாக அனுப்பும் ரேண்டம் ரீடில் (டிஸ்க்கில் அங்குமிங்குமாகப் படிப்பதில்) விநாடிக்கு நூறைத் தொடுவதே பெரிய பாடு. அங்கே ஆயிரக்கணக்கில் ஐஓபிஎஸ் (விநாடிக்கு முடியும் கோரிக்கைகள்) வந்தால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை அல்ல. புகார் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் நீங்கள் அதை வெளியிட்ட விதத்தில் அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. மற்ற மென்பொருள்களில் ஏபிஐ (பிற நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகம்) உடையாமல் பார்த்துக்கொண்டால் போதும். அளக்கும் கருவியில் வெளியே வரும் எண்தான் ஏபிஐ. அந்த எண்ணை நம்பி யாரோ ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருப்பார். வேறு யாரோ அது குறைந்தால் அலாரம் அடிக்க ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார். இன்னொருவர் அதைப் பார்த்து டிஸ்க் வாங்க முடிவெடுப்பார். டிஃபால்ட், பிளாக் அளவு, த்ரெட் எண்ணிக்கை, வார்ம்-அப் நேரம், ரேண்டம் எண் வரும் வழி, நேரத்தை எடுக்கும் கடிகாரம் என்று எதைத் தொட்டாலும், எண் நகர்ந்தால் அது பெரிய மாற்றம். கோடில் ஒரே வரிதானே மாறியது என்பது இங்கே செல்லாது.

எஃப்ஐஓ இந்த இடத்தை எப்படிக் கடந்தது என்று பாருங்கள். அதை 2005 வாக்கில் எழுதத் தொடங்கியவர், லினக்ஸில் டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் லேயரின் பராமரிப்பாளரான யென்ஸ் ஆக்ஸ்போ. 2017-இல் 3.0 வந்தபோது தாமத அளவுகள் மைக்ரோவிநாடியிலிருந்து நானோவிநாடிக்கு மாறின. ஸ்கிரிப்ட்டுகள் படிக்கும் ஜேசான் வெளியீட்டில் பழைய புலப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே நானோவிநாடியைப் போட்டிருந்தால், உலகம் முழுக்க ஸ்கிரிப்ட்டுகள் ஆயிரம் மடங்கு தப்பான எண்ணைச் சத்தமில்லாமல் காட்டிக்கொண்டிருந்திருக்கும். அவர்கள் பெயரோடு என்எஸ் என்ற வாலை ஒட்டினார்கள். பழைய பெயரைத் தேடிய ஸ்கிரிப்ட்டுகள் அதைக் காணாமல் அங்கேயே முழித்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். உடைக்க வேண்டியிருந்தால் எல்லோருக்கும் தெரியும்படி உடைத்துவிடுங்கள்; பெயர் அதே, பொருள் வேறு என்ற நிலை மட்டும் வரக் கூடாது.

ஆகவே, டைரக்ட் ஐஓவை ஒரு புதிய பெரிய பதிப்பாக மறுபடி வெளியிடுங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணோடு, "முறை எண்" என்று இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பிழை திருத்தினால் பதிப்பு எண் மட்டும் ஏறும். அளவு மாறும் எதைச் செய்தாலும் முறை எண்ணும் ஏறும். முடிவின் முதல் வரியில் அது அச்சாகட்டும்: முறை 2, டைரக்ட், 4 கேஐபி, கியூ டெப்த் 1, 60 விநாடி என்பது போல. இரண்டு முடிவுகளை ஒப்பிடும் வசதி உங்கள் கருவியில் இருந்தால், முறை எண் வேறானவற்றை ஒப்பிட அது மறுக்க வேண்டும். டிஸ்ட்ரோக்கள் பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் என்பதால் இது கட்டாயம் தேவைப்படும். ஒருவர் கையில் பழையதும் அடுத்தவர் கையில் புதியதும் இருந்துகொண்டு இருவரும் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

பழைய முறையை எறிந்துவிடவும் வேண்டாம். பேஜ் கேஷ் வழியாகப் படித்து எழுதும் அப்ளிகேஷன்கள்தான் அதிகம். அந்த அளவீடும் ஒரு உண்மையான கேள்விக்கு விடைதான். "கேஷுடன்" என்ற பெயர்ப்பலகையோடு ஆப்ஷனாக இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். எம்பியா (பத்து லட்சம் பைட்), எம்ஐபியா (1,048,576 பைட்)? 512 எம்ஐபி என்பதும் 537 எம்பி என்பதும் ஒரே அளவு. "உங்கள் கருவி 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது" என்று யாராவது வந்தால் முதலில் இதைப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

அப்புறம், டிஸ்க் நிஜமாகவே ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மெதுவாகவும் இருப்பது. எஸ்எஸ்டி உள்ளே பல வேலைகள் செய்கிறது. எழுதத் தொடங்கியதும் எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான சிறு பகுதியில் வாங்கிக்கொள்ளும். அது நிறைந்ததும் வேகம் விழும். பாதிக்குமேல் நிறைந்த டிஸ்க் காலியான டிஸ்க்கைப் போல நடந்துகொள்ளாது. சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிரிம் செய்த (இனி இதில் தரவு இல்லை என்று டிஸ்க்கிடம் சொல்லிவிட்ட) இடத்தைப் படிக்கச் சொன்னால், பல டிஸ்க்குகளில் கன்ட்ரோலர் ஃபிளாஷைத் தொடாமலேயே பூஜ்யங்களைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த ரீட் வேகத்தைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. எழுதும் தரவு பூஜ்யமாக இருந்தாலும் இதே கதை: சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர்கள் தரவைச் சுருக்கித்தான் எழுதின, இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல்சிஸ்டங்களும் சுருக்கும். எனவே முதலில் எழுதி நிரப்பிவிட்டுப் படியுங்கள். எழுதுவது ரேண்டம் தரவாகவும் இருக்கட்டும்.

சேமிப்புத் துறையின் எஸ்என்ஐஏ அமைப்பு வகுத்த எஸ்எஸ்டி சோதனை விதிமுறை இதை முறையாகவே சொல்கிறது. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, மொத்தக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வரிசையாக எழுதி, பிறகு சுற்றுச் சுற்றாக அளக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து சுற்றுகளில் கூடுதல் குறைவு சராசரியின் 20 சதவீதத்துக்குள்ளும், அந்தப் புள்ளிகளின் வழியே வரைந்த கோட்டின் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள்ளும் இருந்தால்தான் நிலையான நிலை. நீங்கள் இதை முழுதாகச் செய்யத் தேவையில்லை. "இந்த அளவு நிலையான நிலையில் எடுக்கப்பட்டதல்ல" என்று ஒரு வரி அச்சடித்தால்கூடப் போதும், பாதிப் புகாருக்கு அதுவே பதில்.

புகார்களைக் கையாள, கேள்வித்தாள் எதுவும் தயாரிக்காதீர்கள். யாரும் நிரப்ப மாட்டார்கள். கர்னல் பதிப்பு, டிஸ்க் மாடல், ஃபர்ம்வேர், ஐஓ ஷெட்யூலர், ஃபைல்சிஸ்டம், எவ்வளவு நிறைந்திருக்கிறது, முன்னும் பின்னும் வெப்பநிலை, பிசிஐஇ இணைப்பு எத்தனை லேன்களில் (தரவு போகும் தடங்களில்) ஓடுகிறது என்று கருவியே திரட்டி முடிவோடு ஒட்டிவிடட்டும். நான்கு லேன் டிஸ்க் இரண்டு லேனில் ஓடிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது, அறிக்கையில் தெரியும். சீரியல் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். டிஸ்க்கை ஐடி வழியாகக் காட்டும் பாதையிலேயே அந்த எண் ஒளிந்திருக்கும், ஜனங்கள் அதை அப்படியே பொதுவில் ஒட்டிவிடுவார்கள். இந்த அறிக்கை இல்லாமல் வரும் புகாருக்கு ஒரே பதில்: அறிக்கையோடு வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். உங்கள் கருவி சரியாக அளக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வாடகை விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) ஓடும் சிஐயில் (கோடைத் தானாகவே கட்டிச் சோதிக்கும் ஏற்பாட்டில்) வேகத்தைச் சோதிக்க முடியாது; பக்கத்து விஎம் அசைந்தால் எண்ணும் அசையும். ஆனால் விடை முன்பே தெரிந்த டிவைஸை அங்கே உருவாக்க முடியும். ஒரு டிவைஸின் மேல் இன்னொரு மெய்நிகர் டிவைஸை உருவாக்கும் லினக்ஸின் டிவைஸ் மேப்பரில் டிலே என்று ஒரு டார்கெட் உண்டு. அதில் 10 மில்லிவிநாடி தாமதம் வைத்து, கியூ டெப்த் 1-இல் ரேண்டம் ரீட் ஓட்டுங்கள். தாமதம் 10-க்குக் கீழே காட்டினால் உங்கள் கடிகாரம் தப்பு. 100 ஐஓபிஎஸ்ஸுக்கு மேல் காட்டினால் எங்கோ கேஷ் புகுந்திருக்கிறது. அடுத்து கியூ டெப்த் 32. இப்போது 3,200-க்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். மறுபடியும் 100-தான் வருகிறதென்றால், 32 கோரிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகின்றன. காத்திராமல் பல கோரிக்கைகளை அனுப்ப உதவும் லினக்ஸின் லிப்ஏஐஓவை டைரக்ட் ஐஓ இல்லாமல் பயன்படுத்தினால் நடப்பது இதுதான்: கோரிக்கையை ஒப்படைக்கும் அழைப்பே வேலை முடியும்வரை காத்து நின்றுவிடும், கியூ டெப்த் பெயருக்கு மட்டும் 32. உங்கள் பழைய டிஃபால்ட்டில் இது நடந்துகொண்டிருந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு அடியில் இருப்பது லிட்டிலின் விதி: கியூ டெப்த் என்பது ஐஓபிஎஸ்ஸையும் சராசரித் தாமதத்தையும் பெருக்கினால் வருவது. 100 மைக்ரோவிநாடித் தாமதத்தில் கியூ டெப்த் 1 என்றால் 10,000 ஐஓபிஎஸ். 320 மைக்ரோவிநாடியில் 32 என்றால் 100,000. கருவி அச்சடிக்கும் மூன்று எண்களும் இந்தக் கணக்கில் உட்காரவில்லை என்றால் ஏதோ ஒன்று பொய். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கருவியே இதைச் சரிபார்த்து, ஒத்துவராவிட்டால் கத்தட்டும். உங்கள் மாலை நேரங்களைக் கிராஃப் வரையும் வசதிக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழியுங்கள். ஆமாம், த்ரெட்டுகளின் 99-ஆவது பெர்சென்டைல்களை, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் தாமதங்களை, கூட்டிச் சராசரி எடுக்கிறீர்களா? அதையும் நிறுத்துங்கள். எந்தத் தாமதம் எத்தனை முறை வந்தது என்று காட்டும் ஹிஸ்டோகிராம்களைச் சேர்த்துவிட்டுத்தான் பெர்சென்டைல் எடுக்க வேண்டும்.

சரி, பொறியாளர். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. அப்படி நினைக்கத் தேவையும் இல்லை. எஸ்எஸ்டிக்குள் பல ஃபிளாஷ் சிப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். வரிசையில் நிறையக் கோரிக்கைகள் காத்திருந்தால்தான் அத்தனைக்கும் வேலை கிடைக்கும், எண்ணும் பல மடங்கு பெருகும். பெட்டியின் மேல் அச்சாகும் ஐஓபிஎஸ் அந்த நிலையில் எடுத்ததுதான். சாட்டாவின் என்சிக்யூ வரிசைக்கும் உச்சம் 32 என்பதால் அந்த எண் பலருக்குப் பழகியது. ஆனால் ஒருவர் தன் மேஜையில் செய்யும் வேலை பெரும்பாலும் 1, 2 என்ற ஆழத்தில்தான் நடக்கிறது. அவர் கேட்பதும் உண்மை, உங்களிடம் இருப்பதும் உண்மை. ஏற்கெனவே இருக்கும் வரியைத் தொடாமல், 32-க்கு இன்னொரு வரியைக் கீழே சேருங்கள். பேட்ச்சை இந்த வடிவத்தில் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தித் தந்தால் நல்லது, தராவிட்டால் அவருக்கு வேண்டியிருந்தது டிஃபால்ட் மட்டும்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

இணைப் பராமரிப்புக்கு மட்டும் என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே. சரக்கு விற்பவர் கையிலேயே தராசின் முத்திரையையும் கொடுக்க முடியாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் உங்கள் எண்ணை அதன்பிறகு நம்ப மாட்டார். என்விஎம்இ (பிசிஐஇ வழியே இணையும் எஸ்எஸ்டிகள்) பகுதியை ரிவ்யூ செய்ய அழைத்துக்கொள்ளுங்கள், அதில் அவருக்கு உங்களைவிட நிறையத் தெரிந்திருக்கும். ரிலீஸ் உரிமை வேண்டாம். டிஸ்க் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் பேட்ச் அனுப்பும்போது அதைச் சொல்ல வேண்டும், டிவைஸின் மாடல் பெயரைப் பார்த்து வழி மாறும் கோடு எதுவும் சேர்க்கப்படாது என்று இரண்டு விதிகளை ரீட்மீயில் எழுதிவையுங்கள். பிறகு யாரிடமும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நிறுவனம் சாராத ஒருவரே வந்தாலும், அலுப்பில் சாவியைக் கொடுப்பது ஆபத்து. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் நினைவிருக்கும். களைத்துப்போன ஒரு பராமரிப்பாளர். "இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற நெருக்கடி. பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்த ஒரு உதவியாளர். கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு. அதைத் தூண்டிவிடும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, ரிலீஸ் டார்பாலில் (வெளியீட்டுக்காகக் கட்டிய கோடு மூட்டையில்) மட்டும் இருந்தது. கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர். மைக்ரோ பெஞ்ச்மார்க் ஓட்டுவதற்காகத் தன் சிஸ்டத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். நம் தொழில்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு இதில் வேலை ஒன்றுதான்: ரிலீஸ் டார்பால் யாருடைய லேப்டாப்பிலிருந்தும் வராமல், கிட் டேக்கிலிருந்து சிஐயே தயாரிக்கும்படி செய்துவிடுங்கள். துணைக்கு ஆள் தேடுவதென்றால், உங்கள் பேக்கேஜை டிஸ்ட்ரோவில் பார்த்துக்கொள்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் உங்கள் கோடை ஏற்கெனவே படித்திருப்பார்கள். எந்த டிஸ்க்கின் மேலும் அவர்களுக்கு ஆசை இல்லை.

அலுப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஐஓவைச் செலுத்தும் எஞ்சினை நீங்களே பராமரிக்கத்தான் வேண்டுமா? ஐஓ யூரிங், லிப்ஏஐஓ, கடிகாரம், ஹிஸ்டோகிராம் என்று நீங்கள் இரவில் கண்விழித்துத் திருத்துவதை எல்லாம் எஃப்ஐஓவில் ஏற்கெனவே பலர் சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கேடிஸ்க்மார்க் என்ற டிஸ்க் சோதனைக் கருவி அதைத்தான் அடியில் ஓட்டுகிறது. உங்கள் கருவியை மக்கள் விரும்புவது எளிதான கட்டளைக்காகவும் புரியும்படி வரும் அறிக்கைக்காகவும் என்றால், அந்த இரண்டையும், மேலே சொன்ன பாதுகாப்பையும், முறை எண்ணையும் நீங்கள் வைத்துக்கொண்டு, எஞ்சினை எஃப்ஐஓவிடம் விட்டுவிடலாம். அப்படி மாறினால் அதுவும் ஒரு புதிய முறை எண்தான், மறந்துவிடாதீர்கள். முடிவெடுக்கும் முன், கர்னலின் நல் பிளாக் டிவைஸின் மேல் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அங்கே டிஸ்க்கே கிடையாது. செலவாகும் நேரம் கர்னலுடையதும் கருவியுடையதும் மட்டும்தான். உங்கள் எஞ்சின் அங்கே எஃப்ஐஓவுக்குப் பக்கத்தில் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கினால் அந்தக் கோடை அழிக்கலாம்.